துறைமுகத்தைக் காத்த சுகாதாரம்: பம்பாய்ப் பிளேக் நிருவாகம் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

குடியேற்ற ஆட்சியின் தீமைகளைப் பற்றி எவரேனும் பேசத் தொடங்கினால் பதிலாக ஒரு பட்டியலை நீட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புகையிரதம் தந்தார்கள், ஆங்கிலம் தந்தார்கள், வைத்தியசாலை தந்தார்கள் என்பது அப்பட்டியல். முதலிரண்டையும் பற்றிப் போதியளவு விவாதம் நடந்துவிட்டது. இருப்புப்பாதை யாருடைய சரக்கைச் சுமப்பதற்காக இடப்பட்டது என்பதும், ஆங்கிலக் கல்வி யாருடைய கந்தோர்களுக்கு எழுதுவினைஞரை உற்பத்தி செய்தது என்பதும் இன்று சாதாரண வாசகரும் அறிந்த செய்திகள். மூன்றாவது மட்டும் விசாரணைக்கு அப்பாற்பட்ட புண்ணிய காரியமாகவே விடப்பட்டுள்ளது. நோயைத் தீர்ப்பதிற்கூடவா அரசியல் என்று கேட்பவர்கள் உளர். ஆம், நோயைத் தீர்ப்பதில்தான் அரசியல் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குச் சான்றாக 1896 முதல் பம்பாய் நகரிற் பரவிய பிளேக் நோயையும், அதனை எதிர்கொண்ட நிருவாகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பிரித்தானியரின் கீழைத்தேயத் துறைமுகங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று பம்பாய். அதன் சுகாதார நிருவாகம் மக்களைக் காப்பதற்காக இயங்கி இடையிடையே தவறியது என்று கூறுவது போதாது. அது துறைமுகத்தைக் காப்பதற்காக இயங்கியது; அந்த நோக்கில் அது பெரிதும் தவறவில்லை. மக்கள் அந்நோக்கின் கருவிகளாகவும் தடைகளாகவும் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரிந்தனர்.

நகரமும் நீரும்

பம்பாயை வளர்த்தவை பஞ்சும் அபினியும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட்டபோது, இந்தியப் பஞ்சு பம்பாய் வழியாகச் சென்று அவ்விடத்தை நிரப்பியது. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1873 இல் துறைமுகப் பொறுப்பாண்மைச் சபை நிறுவப்பட்டது. 1880 இல் இளவரசர் கப்பற்றுறை இயங்கத் தொடங்கியது. 1872 இல் 644,405 ஆக இருந்த நகரின் சனத்தொகை 1891 இல் 821,764 ஆயிற்று.

இம்மக்கள் எங்கே குடியிருந்தனர்? கப்பற்றுறையை அடுத்த மாண்டவியில், கீழே தானியக் கிடங்கும் மேலே குடித்தன அறைகளுமாக அமைந்த வீடுகளில் நெருங்கியிருந்தனர். ஆலைத் தொழிலாளர் 'சால்' எனப்பட்ட மாடிக் கட்டடங்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்றும், பல சமயங்களில் அதற்கு மேலும் அடைந்து வாழ்ந்தனர். காற்றும் வெளிச்சமும் வாடகையைப் பொறுத்தவையாக இருந்தன.

நகருக்கு நீர் வந்தது. 1860 இல் விகார் ஏரியிலிருந்தும், 1879 இல் துல்சியிலிருந்தும், 1892 இல் தான்சாவிலிருந்தும் குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. இவை சிறந்த பொறியியற் சாதனைகள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே வந்த நீர் வெளியே போவதற்கான வடிகால் அமைப்போ தசாப்தக் கணக்கிற் பின்தங்கிக் கிடந்தது. கழிவுநீர் தொழிலாளர் குடியிருப்புகளின் நிலத்தடியில் ஊறியது. நீர் ஆலைக்கு வேண்டும், கப்பலுக்கு வேண்டும், அதற்குக் கட்டணமும் அறவிடலாம். சாலின் பின்புறத்து வடிகாலோ எவருக்கும் இலாபம் தராது. எது முதலில் வந்தது, எது காத்திருந்தது என்பதைப் பார்த்தாலே அந்நிருவாகத்தின் கணக்கு விளங்கும்.

இக்கணக்கில் வெள்ளையருக்கு மட்டுமே பங்கிருந்தது என்று கூறிக் கைகழுவிவிட முடியாது. 1865 இல் முதலாவது முனிசிப்பல் ஆணையாளராக நியமனம் பெற்ற ஆர்தர் குறோபோர்ட் நகரைத் துப்புரவாக்கப் பெருந்தொகையைச் செலவிட்டார். 1871 இல் வரியிறுப்பாளர் கிளர்ந்தெழுந்தனர். ஆணையாளர் விலக நேர்ந்தது. 1872 ஆம் ஆண்டுச் சட்டம் வரியிறுப்பாளர்க்கு மாநகரசபை உறுப்பினரிற் பாதிப்பேரைத் தெரிவுசெய்யும் உரிமையை வழங்கியது. இதனைச் சுயாட்சியின் முதற்படி என்று தேசியவாத வரலாறு போற்றும். முதற்படி என்பது உண்மையே. ஆயின் அப்படியில் ஏறியவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரும் வணிகருமாவர். வாடகைக்கு அறையிற் கிடந்தவனுக்கு அதில் இடமில்லை. அவனுக்கு வடிகால் அமைக்க வரி கொடுக்க வேண்டியவனே அதனை வேண்டாமென்று வாக்களிக்கும் உரிமையையும் பெற்றிருந்தான்.

ஒரே அரசு, இரு விஞ்ஞானங்கள்

பிளேக் வருவதற்கு முன் பம்பாயிலும் வங்காளத்திலும் ஆண்டுதோறும் மக்களைக் கொன்றது வாந்திபேதி. 1866 இல் கொன்ஸ்தாந்திநோபிளிற் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, வாந்திபேதியின் பிறப்பிடம் இந்தியா என்றும், அது மனிதரால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது என்றும் முடிவு செய்தது. அம்முடிவு ஏற்கப்பட்டால் இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்கள் தடுத்து வைக்கப்படும்; வணிகம் தாமதமாகும். எனவே இந்திய அரசாங்கம் அதனை எதிர்த்தது. இந்திய அரசாங்கத்தின் சுகாதார ஆணையாளராக இருந்த ஜே. எம். கனிங்ஹாம், வாந்திபேதி தொற்றுநோயன்று, இடத்தையும் காற்றையும் பொறுத்தது என்று தம் பதவிக்காலத்தின் இறுதிவரை வாதிட்டார். 1884 இல் றொபேட் கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்ட பின்னரும், அக்கண்டுபிடிப்பை மறுப்பதற்கெனவே இலண்டனிலிருந்து ஆய்வாளர் அனுப்பப்பட்டனர். தொற்றுத்தடை விஞ்ஞானத்துக்கு முரணானது, தனிமனித சுதந்திரத்துக்கும் முரணானது என்று பேசப்பட்டது.

இதே அரசு பிளேக்கின்போது என்ன செய்தது? 1896 செப்டெம்பர் 23 இல் அக்காசியோ கபிரியேல் வியேகாஸ் என்னும் வைத்தியர் மாண்டவியில் இந்நோயை இனங்கண்டு அறிவித்தார். செய்தி பரவியதும் ஐரோப்பிய அரசுகள் பம்பாய்ச் சரக்கைத் தடுக்க முனைந்தன. 1897 பெப்ரவரியில் வெனிஸ் நகரிற் சர்வதேச மாநாடு கூடவிருந்தது. இப்போது அதே அரசுக்குத் தொற்றில் அளவற்ற நம்பிக்கை பிறந்தது. பிரித்தெடுத்தல், தடுத்து வைத்தல், வீடு புகுந்து தேடுதல் யாவும் விஞ்ஞானமாயின. மக்கா செல்லும் யாத்திரிகரின் பிரயாணம் பம்பாயிலிருந்து நிறுத்தப்பட்டது.

வாந்திபேதியின்போது தொற்றுத்தடை வணிகத்தைக் கெடுக்கும். ஆகவே தொற்றில்லை என்றனர். பிளேக்கின்போது தொற்றுத்தடை நடவடிக்கையைக் காட்டாவிடின் வணிகம் கெடும். ஆகவே தொற்றைத் தவிர வேறில்லை என்றனர். இடைக்காலத்தில் நுண்ணுயிரியல் வளர்ந்துவிட்டது என்று சமாதானம் கூறலாம். அது வளர்ந்தது மெய். ஆனால் இவ்விரு நிலைப்பாடுகளிலும் மாறாது நின்றது துறைமுகத்தின் நலன் ஒன்றே. நிருவாகம் எந்த விஞ்ஞானத்தைக் கேட்கும், எதைக் கேளாது விடும் என்பதை அந்நலனே தீர்மானித்தது.

சட்டமும் படையும்

1896 ஒக்டோபர் 6 இல் முனிசிப்பல் ஆணையாளர் பி. சி. எச். ஸ்னோ, நோயாளரைக் கட்டாயமாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் வீடுகளுட் புகவும் அதிகாரம் கொண்டார். 1897 பெப்ரவரி 4 இல் கொள்ளைநோய்ச் சட்டம் கல்கத்தாவில் நிறைவேறியது. நான்கே பிரிவுகளைக் கொண்ட அச்சட்டம் மிகச் சிறியது. ஆனால் அது வழங்கிய அதிகாரத்துக்கு எல்லை வகுக்கவில்லை. நடைமுறையிலுள்ள சட்டங்கள் போதாவென்று அரசாங்கம் கருதினால், தான் விரும்பும் எந்த ஒழுங்குவிதியையும் ஆக்கலாம். மீறுவோர் தண்டனைக்குரியர். அச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் எதனைச் செய்தவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. மக்களுக்கு அரசு என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளது என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

1897 மார்ச்சில், மாநகரசபையின் பிளேக் தொடர்பான அதிகாரங்களை ஒரு குழு ஏற்றது. அதன் தலைவர் வைத்தியரல்லர். பிரிகேடியர் ஜெனரல் கற்றாக்கர் என்னும் இராணுவ அதிகாரி. வீடுகள் சுற்றிவளைக்கப்பட்டுத் தேடப்பட்டன. கூரைகள் பிரிக்கப்பட்டன, தரைகள் அகழப்பட்டன, உடைமைகள் எரிக்கப்பட்டன. புகையிரத நிலையங்களிற் பிரயாணிகளின் அக்குளும் தொடையிடுக்கும் நெறிக்கட்டுக்காகச் சோதிக்கப்பட்டன. பெண்களும் இதற்கு விலக்கல்லர். தெருக்களிலும் வடிகால்களிலும் காபோலிக் அமிலம் கலந்த நீர் பாய்ச்சப்பட்டது.

இவ்வளவுக்கும் அடிப்படையான அறிவு எத்தகையது? 1894 இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் கிருமியை இனங்கண்டிருந்தார். எலிகள் மடிவதையும் அவர் குறித்திருந்தார். கிருமியை எலியிலிருந்து மனிதனுக்குக் கடத்துவது தெள்ளு என்பதை 1898 இற் கராச்சியிற் போல்-லூயி சிமொன் பரிசோதனையாற் காட்டினார். அவ்வாண்டின் இறுதியில் விசாரணையைத் தொடங்கிய இந்தியப் பிளேக் ஆணைக்குழு அம்முடிவுக்கு மதிப்பளிக்கவில்லை. 1905 இல் அமைந்த ஆய்வுக்குழுவே அதனை உறுதிப்படுத்தியது. ஆக, நோயாளியை அவன் குடும்பத்திலிருந்து பறித்தெடுத்த ஆண்டுகளில் நோயைச் சுமந்த எலி தானியக் கிடங்கில் நிம்மதியாக இருந்தது. கூரை பிரிந்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். மனிதன் முகாமுக்குப் போனான்.

அக்காலத்தார் அறியாததை அவர்மீது குற்றமாகச் சுமத்தலாமா என்று கேட்கலாம். அறியாமை குற்றமன்று. அறியாமையைத் துப்பாக்கி முனையில் நிலைநாட்டுவது குற்றம். தமக்கு நிச்சயமில்லாத ஒன்றுக்காகப் பிறர் வீட்டைப் பிரிப்பவன், அவ்வீட்டாரின் சம்மதத்தையாவது கேட்டிருக்க வேண்டும்.

'மூடநம்பிக்கை' என்னும் குற்றச்சாட்டு

மக்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பை மூடநம்பிக்கை என்று அன்றைய அதிகாரிகள் எழுதிவைத்தனர். அதையே இன்றும் நம்மவர் சிலர் ஒப்புவிக்கின்றனர். நடந்தவற்றைப் பார்ப்போம்.

1896 ஒக்டோபர் 29 இல் ஏறக்குறைய ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் வீதித் தொற்றுநோய் வைத்தியசாலையைத் தாக்கினர். வைத்தியசாலைக்குச் சென்றவர் உயிருடன் திரும்புவதில்லை, அங்கே உடலிலிருந்து எண்ணெய் வடிக்கிறார்கள் என்ற வதந்தி உலவியது. வதந்தி பொய். ஆனால் அங்கு கொண்டுசெல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் இறந்தனர் என்பது பொய்யன்று. சாகும் தறுவாயிலேயே பலர் கொண்டுசெல்லப்பட்டனர்; உறவினர் அருகிருக்க முடியவில்லை; இறுதிக் கிரியைகள் உரியவாறு நடைபெறும் என்ற உறுதியும் இல்லை. உழைப்பு முழுவதும் பிழிந்தெடுக்கப்பட்ட ஒருவன், தன் உடலும் பிழியப்படும் என்று நம்பியதில் வியப்பென்ன?

1898 மார்ச் 9 இல் நெசவாளர் வாழ்ந்த பகுதியில் நோயுற்ற ஒரு சிறுமியைச் சோதிக்க அதிகாரிகள் முயன்றதிலிருந்து கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் பலியாயின. பூனா நகரில் இதே நடவடிக்கைகளின் தலைவராயிருந்த றாண்ட் 1897 யூனில் சுடப்பட்டமையும், அதன் எதிரொலியாகத் திலகர் இராசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றமையும் யாவரும் அறிந்தவை. பூனாவின் நாயகர்களை வரலாறு நினைவிற் கொள்கிறது. பம்பாயின் ஆலைத் தொழிலாளரையும் நெசவாளரையும் கலகக் கும்பல் என்று கடந்துவிடுகிறது.

இவற்றைவிடவும் கருத்திற் கொள்ளவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1896 ஒக்டோபர் இறுதியில் ஆணையாளர் ஸ்னோ தம் கட்டாய விதிகளைத் தளர்த்தினார். ஏன்? மக்களின் உணர்ச்சியை மதித்தன்று. வீட்டு மலத்தைச் சுமந்தகற்றிய ஹலால்கோர் எனப்பட்ட துப்புரவுத் தொழிலாளர் நகரைவிட்டு வெளியேறிவிடுவர் என்று அவர் அஞ்சினார். அவர்கள் சென்றால் நகரம் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்பதை அவரே தம் அறிக்கையில் விளக்கினார். அதாவது, அந்நகரின் சுகாதாரம் ஆணையாளரின் விதிகளிலும் காபோலிக் அமிலத்திலும் தங்கியிருக்கவில்லை. சாதிப் படிநிலையின் அடியில் வைக்கப்பட்டு, மனிதராகவும் மதிக்கப்படாத சில ஆயிரம் பேரின் தோள்களில் தங்கியிருந்தது. அவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் பேரரசின் ஆணையைப் பின்வாங்க வைத்தது அவர்கள் வெளியேறக்கூடும் என்ற அச்சமே.

மக்கள் வெளியேறவும் செய்தனர். 1897 பெப்ரவரியளவில் நகரின் சனத்தொகையிற் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். ஆலை முதலாளிமார் நாட்கூலி கொடுத்து, ஒருவரோடொருவர் போட்டியிட்டுத் தெருமுனைகளில் ஆள்பிடிக்கும் நிலை வந்தது. எலி மடியும் வீட்டைவிட்டு விலகியது மூடநம்பிக்கையன்று. பிற்கால விஞ்ஞானமும் அதனைச் சரியென்றே கூறும். நோய் அவர்களுடன் ஊர்களுக்கும் சென்றது என்பது துயரமான உண்மை. ஆனால் அவ்வோட்டத்தை விரைவுபடுத்தியதில் நோயின் அச்சத்துக்கு நிகரான பங்கு வைத்தியசாலையின் அச்சத்துக்கும் உண்டு.

எதிர்வாதங்கள் சில

கொள்ளைநோய்க் காலத்திற் கண்டிப்பு வேண்டாமா என்பது முதலாவது எதிர்வாதம். வேண்டும். நோயாளியைப் பிரித்து வைப்பதே தவறென்று நான் வாதிடவில்லை. கண்டிப்பு யார்மீது என்பதே வினா. தானியக் கிடங்குச் சொந்தக்காரன் மீதும், காற்றுப் புகாத அறைக்கு வாடகை வாங்கியவன் மீதும் அக்கண்டிப்பு ஏன் முன்னரே பாயவில்லை? 1898 இல் நகர மேம்பாட்டுப் பொறுப்பாண்மைச் சபை அமைக்கப்பட்டபோதும், பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்ட வேகத்திற் புதியவை எழவில்லை. அகலமான தெருக்கள் வந்தன. அங்கே முன்பு வாழ்ந்தவர்கள் வேறு நெரிசல்களுக்குச் சென்றனர்.

மக்களின் ஒத்துழைப்பைப் பெறுவது அக்காலத்தில் இயலாத காரியம் என்பது இரண்டாவது. இதனைப் பம்பாயின் அனுபவமே மறுக்கின்றது. ஒடெசாவிற் பிறந்த நுண்ணுயிரியலாளர் ஹாவ்கின் பம்பாயில் ஒரு தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10 இல் முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். ஆகாகான் பிறர் முன்னிலையில் தாமே ஊசி ஏற்றிக்கொண்டு, கோஜா சமூகத்தவரை முன்வரச் செய்தார். சமூகங்கள் தத்தமக்கென வைத்தியசாலைகளை நடத்த அனுமதிக்கப்பட்டபோது நோயாளரை ஒளித்து வைக்கும் தேவை குறைந்தது. அவ்வைத்தியசாலைகள் சாதி, சமய வேலிகளை உறுதிப்படுத்தின என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் கேட்டால் மக்கள் வருவர், பிடித்தால் ஒளிவர் என்ற எளிய உண்மையை அவை நிறுவின.

இவ்வளவு கொடுமையும் உயிர்களைக் காத்ததல்லவா என்பது மூன்றாவது. காக்கவில்லை. நோய் ஆண்டுதோறும் திரும்பியது; உள்நாட்டுக்கும் பரவியது. கால் நூற்றாண்டுக்குள் இந்தியத் துணைக்கண்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிளேக்கினால் மடிந்தனர். ஐரோப்பாவுடனான வணிகம் மட்டும் காக்கப்பட்டது.

எமது சட்டப் புத்தகத்தில்

இது அயல்நாட்டுப் பழங்கதையன்று. இந்தியச் சட்டம் நிறைவேறிய அதே 1897 இல் இலங்கையிலும் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பின்னர் மண்டபம் முகாமிற் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, கிருமிநீக்கப்பட்டே கப்பலேற்றப்பட்டனர். இவ்வளவு காவலிருந்தும் 1914 இற் பிளேக் கொழும்புக்கு வந்தது.

அக்கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியுடன் போய்விடவில்லை. 2020 ஏப்ரலில் அதன்கீழ் வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தல், கோவிட் நோயால் இறந்தோரின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் முஸ்லிம் மக்களின் உடல்கள் உறவினரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் 2020 டிசெம்பரில் தள்ளுபடியாயின. 2021 பெப்ரவரியிலேயே அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அப்போதும் நாட்டின் எப்பகுதியில் இறந்தவரையும் ஓட்டமாவடிக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024 யூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

மன்னிப்புக் கோரிய அரசு சட்டத்தின் உள்ளியல்பை மாற்றவில்லை என்பதையே இங்கு வலியுறுத்த விரும்புகிறேன். பம்பாயில் ஆலைத் தொழிலாளியின் சாவுக்கும் சவத்துக்கும் நேர்ந்தது, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மக்களின் சவத்துக்கு நேர்ந்தது தற்செயலன்று. மக்களின் உடலை அரசின் கையிற் கொடுத்து, அரசிடம் காரணம் கேட்கும் உரிமையை மக்களுக்குக் கொடாத சட்டம் எந்த நூற்றாண்டிலும் அவ்வாறே பயன்படும். வெள்ளையன் கையிலிருந்து நம்மவன் கைக்கு அது மாறியது என்பதில் ஆறுதலடைய ஏதுமில்லை.

பொதுச் சுகாதாரச் சட்டமொன்று எவ்வாறு அமையவேண்டும் என்பதை வைத்திய பீடத்தினரும் சட்டத்துறையினரும் மட்டும் பேசித் தீர்க்கட்டும் என்று கலைப்பீடத்தார் ஒதுங்கி நிற்பது முறையன்று. வரலாறு கற்பவர் சொல்லவேண்டியது இதில் உண்டு. எந்த விதிக்கும் விஞ்ஞானக் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். அது குறுகிய காலத்துக்குள் காலாவதியாக வேண்டும். நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும். எவருடைய வீட்டிலும் சடங்கிலும் கைவைக்கப்படுகிறதோ அவர்களின் பிரதிநிதிகள் கேட்கப்பட வேண்டும். துப்புரவுத் தொழிலாளரின் ஊதியமும் பாதுகாப்பும் அச்சட்டத்தின் முதற்பிரிவிலேயே இடம்பெற வேண்டும். இவை மிகையான கோரிக்கைகள் அல்ல. 1897 இல் நான்கு பிரிவுகளில் இவற்றுள் ஒன்றுக்கேனும் இடமிருந்திருந்தால், பம்பாயின் தொழிலாளி தன் வைத்தியசாலையைத் தாக்க வேண்டிய தேவை ஏற்பட்டிராது.